பிற

மாவட்டக் கல்வி அலுவலகத்துப் படிவம்
இன்று ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டுமாம்.
தலைமையாசிரியர் சிரம்பானில் கூட்டத்தில்.
பகாவில் மழை தூறினால்
தோட்டத்து இணையம் முதலில் படுக்கும்.
செம்பனைக் குலை நிறுக்கும் மேட்டில் ஏறிக்
கைப்பேசியை உயர்த்தினால் இரண்டு கோடு.
அதுவரை பென்சில்.

மொத்தம் முப்பத்தொன்று.
போன ஆண்டு முப்பத்தாறு.
ஐந்து பேர் எங்கே என்பதற்கு ஒரு கட்டம் உண்டு,
ஒரே ஒரு சொல் கொள்ளும்: இடமாற்றம்.
நீலாயில் தொழிற்சாலை வேலை கிடைத்த கமலாட்சி
மூன்று பிள்ளைகளையும் ஒரு சலவை இயந்திரத்தையும்
ஒரே லோரியில் ஏற்றிக்கொண்டு போனது
அதற்குள் மடங்கிப் படுத்துக்கொள்கிறது.
மற்ற இருவர் போனது எனக்கே சரியாகத் தெரியாது.

நான்காம் ஆண்டில் மூன்று பேர்.
மூன்று பேரையும் விழுக்காடாக்க வேண்டும்.
தவநேசன் காய்ச்சலில் கிடந்த வாரம்
வருகை அறுபத்தாறு புள்ளி ஏழு.
வீழ்ச்சிக்குக் காரணம் கேட்டார்கள்.
கொசு என்று எழுதி அனுப்பினேன்.
பதில் வரவில்லை.

கணிதத்தில் அவன் இரண்டாம் நிலை.
பள்ளி இல்லாத நாளில் அப்பாவோடு உதிரிப்பழம் பொறுக்குவான்,
எத்தனை சாக்கு, கிலோ என்ன விலை,
கிராணி எவ்வளவு பிடித்துக்கொண்டார்,
காசு வரை மனத்தில் வைத்துச் சொல்வான்.
பின்னம் என்றால் மட்டும் வாய் மூடிக்கொள்ளும்.
நான்தான் சரியாகச் சொல்லித் தரவில்லையோ.
அதற்குக் கட்டம் இல்லை.

இனம்.
மலாய்க்காரர் இல்லை.
சீனர் ஒன்று, டயர் கடைக்காரர் மகன் வெய் ஹான்,
கோபம் வந்தால் தமிழில்தான் திட்டுவான்.
இந்தியர் இருபத்தாறு.
பிற, நான்கு.

அதில் மூன்று, மெலோரும் தம்பிகள் இருவரும்.
தெமுவான் கிராமத்திலிருந்து
ஒரே மோட்டாரில் அப்பா முதுகை ஒட்டி வருகிறவர்கள்.
தமிழில் ஆறாம் நிலை, பள்ளியிலேயே ஒருத்திக்குத்தான்.
வாழைப்பழம் வழுக்காமல் வருவது
மெலோர் வாயில்.

நான்காவது கிருபன்.
அப்பா இதே தோட்டத்தில் மருந்தடிப்பவர்.
அம்மா மேடானிலிருந்து வந்தாள், மேடானுக்கே போனாள்.
கல்யாணத்தைப் பதியவில்லை.
பிறப்புப் பத்திரத்தில்
இனம் என்ற இடத்தில் தகவல் இல்லை,
குடியுரிமை என்ற இடத்தில் இல்லை.
அறிவியலில் ஐந்தாம் நிலை.

பிற என்று எழுதிய பென்சில் அங்கேயே நின்றது.
பதினாறு வருடமாக இலக்கணம் நடத்துகிறேன்.
முன்னிலை ஒருமை, ஏவல்:
நட. வா. படி.
பிற.
பிறந்துவிட்டான், ஐயா.
பத்து வருடமாகிறது,
ஜெம்போல் மருத்துவமனையில்,
இரண்டு கிலோ எழுநூறு.

நாலரைக்கு மேட்டில் ஏறினேன்.
குடை பிடிக்க அவன்தான் வந்தான்.
ஒவ்வொரு பெயராக ஏறியது.
அவன் பெயரில் நின்றது:
அடையாள எண் செல்லாது.
இன்னொரு முறை.
செல்லாது.
அவனை விட்டுவிட்டால்
படிவம் பச்சையாகச் சிரிக்கிறது.

முப்பதுக்கு இறங்கினால்
இரண்டு ஆண்டுகளை ஓர் அறையில் போடுவார்கள் என்று
ஆசிரியர் அறையில் பேச்சு.
நிலை ஐந்தில் ஒன்று குறைந்தது.
இனி நான்காம் ஆண்டில் இரண்டே பேர்;
தவநேசனைக் கொசு கடித்தால்
ஐம்பது விழுக்காடு.

மணி நாலு ஐம்பத்தெட்டு.
பொத்தானை அழுத்தினேன்.

"போயிருச்சா டீச்சர்?"
குடை முழுவதும் என் பக்கம் சாய்ந்திருக்க
அவன் வலது தோள் நனைந்து சட்டை ஒட்டியிருந்தது.
போயிருச்சு என்றேன்.
நாளைக்குத் திடல் காயுமா என்று கேட்டான்,
ஐந்தாம் ஆண்டோடு பந்தாம்.
ஆள் குறையுதாம்.